வாஷிங் மெஷினுக்கும் வில்லங்கம் உண்டு

ஐப்பசியில் குன்னூரில் துணி காயாது. கீழே மேட்டுப்பாளையத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இங்கே திங்கட்கிழமை பிழிந்து போட்ட யூனிபார்ம் வியாழக்கிழமையும் சொதசொதவென்று கொடியில் தொங்கும். அடுப்படியில் கயிறு கட்டிக் காயவைத்தால் துணியெல்லாம் புகை வாடை. பேரப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் என் பெரியம்மா மகள், எனக்கு மூத்தவள், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது டவுனில் ஒரு கடைக்குப் போய் வாஷிங் மெஷின் எடுத்தாள். விலை 24,000 ரூபாய். முன்பணம் கிடையாது. மாதம் 2,400 வீதம் பத்துத் தவணை. கடைப் பையன் ஆதார் எண்ணையும் பேங்க் கணக்கையும் கேட்டான், போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டான், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. “அடுத்த தடவை வேற எது வேணும்னாலும் இதே கார்டுல எடுத்துக்கலாம்கா” என்று ஒரு ஈ.எம்.ஐ. கார்டையும் கொடுத்து அனுப்பினான்.

அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலையை பாக்டரிக்குக் கொடுப்பாள், மாதத்துக்கு ஒருமுறை பணம் கணக்கில் ஏறும். அது ஏறுவது பத்தாம் தேதிக்கு மேல். தவணை பிடிப்பது ஐந்தாம் தேதி. இந்த இடைவெளி கடைப் பையனுக்கும் தெரியாது, ஓ.டி.பி.க்கும் தெரியாது. முதல் இரண்டு மாதம் எப்படியோ சமாளித்தாள். ஜனவரியில் உறைபனி விழுந்து பள்ளத்தில் இருந்த செடியெல்லாம் கருகியபோது கணக்கில் பணம் இல்லை. தவணை திரும்பியது. திரும்பியதற்கு 590 ரூபாய் அபராதம். அடுத்த மாதமும் அதே கதை. அப்புறம் போன் வர ஆரம்பித்தது. “பணம் கட்டலைன்னா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவோம்” என்றான் ஒருவன்.

அதே வாரம் நியூஜெர்சியிலிருந்து என் தங்கை மகன் கூப்பிட்டான். வேலை போய் ஏழு மாதம். கார்டு கடன் கழுத்துவரை. “மாமா, இங்க பேங்க்ரப்ஸி, அதான் திவால் மனு, போடலாம்னு இருக்கேன். போட்டா டிவி, சோபாவையெல்லாம் கடைக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிடுவானா?”

நான் ஊட்டி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். குன்னூரில் ஒருத்தி, நியூஜெர்சியில் ஒருத்தன், கேள்வி ஒன்றேதான்: கடன் போனால் பொருளும் போகுமா? அவனுடைய வக்கீல் அனுப்பிய தாள்களை அவனோடு சேர்ந்து படித்தேன். அக்காவின் போனில் பி.டி.எப். ஆகக் கிடந்த இருபது பக்க ஒப்பந்தத்தையும் படித்தேன். இரண்டு நாட்டிலும் விடை கார்டின் பெயரிலோ நிறத்திலோ இல்லை. அந்தக் கடனுக்கு அந்தப் பொருளே ஈடாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதில் இருக்கிறது.

நிலம் வாங்கினால் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் ஏறியிருக்கும், பார்த்தவுடன் தெரியும். சோபாவுக்கும் மெஷினுக்கும் அப்படிக் கண்ணில் படுகிற அடையாளம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்துவிட்டது, நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் அமெரிக்கக் கதை. இந்தக் கேள்வியை அந்த நாட்டுச் சட்டம் நுணுக்கி நுணுக்கிப் பார்த்திருக்கிறது.

அங்கே தனிநபர் திவாலுக்குப் பெரும்பாலும் இரண்டு வழி. சாப்டர் 7 என்றால், சட்டம் விட்டுவைக்கிற சொத்து போக மீதி இருப்பதை டிரஸ்டி என்ற பொறுப்பாளர் விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். விற்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான கடன்கள் தள்ளுபடி. சாப்டர் 13 என்றால் மூன்று முதல் ஐந்து வருஷத் தவணைத் திட்டம். குடியுரிமை இருக்க வேண்டும் என்பதில்லை, அங்கே வசித்தால் போதும். விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

சாதாரண கிரெடிட் கார்டுக் கடனுக்கு எதிரே பொருள் எதுவும் ஈடாக இல்லை. ஓட்டலில் சாப்பிட்டதும் பெட்ரோல் போட்டதும் சாப்டர் 7-ல் போயே போய்விடும். கடை கார்டு சில இடங்களில் வேறு ஜாதி. மின்சாதனம், மரச்சாமான், நகை விற்கும் சில கடைகளின் கார்டு ஒப்பந்தத்தில், ‘இந்தக் கார்டால் வாங்கும் பொருளின் மேல் பாக்கி தீரும்வரை எங்களுக்கு ஈட்டுரிமை உண்டு’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். விலைக்கடனுக்கு அந்தப் பொருளே ஈடு. வீட்டு உபயோகப் பொருளாக இருந்தால் இந்த உரிமையை எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டியதில்லை, கையெழுத்தோடு தானாகவே கெட்டிப்பட்டுவிடும்.

திவால் என்பது ஆளின் பொறுப்பைத்தான் துடைக்கிறது, பொருள் மேல் இருக்கும் முடிச்சை அவிழ்ப்பதில்லை. தள்ளுபடி உத்தரவு வந்தபின் கடைக்காரன் ‘பணம் கொடு’ என்று கேட்க முடியாது. ‘என் டிவியைக் கொடு’ என்று கேட்கலாம். அந்த நாட்டுச் சட்டத்தில் வேறு சில ஈடுகளை உடைக்கவும் வழி உண்டு. ஏற்கெனவே வீட்டில் இருந்த சாமான்களைக் காட்டி ஒருவர் பணம் கடன் வாங்கியிருந்தால், அந்த ஈட்டை நீக்கச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்கலாம். பொருளை வாங்குவதற்கே வாங்கிய கடன் என்றால் அந்தச் சலுகை இல்லை. நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. கடைக்காரன் கொடுத்த பொருள், அவனுக்குக் காசு வரவில்லை. (அந்த ஈடு நீக்கும் பிரிவில் எவை வீட்டுச் சாமான் என்று ஒரு பட்டியல் உண்டு: ரேடியோ ஒன்று, டெலிவிஷன் ஒன்று, வி.சி.ஆர். ஒன்று. வி.சி.ஆர். வீட்டை விட்டுப் போயே எத்தனையோ வருஷம் ஆச்சு, சட்டத்தை விட்டு இன்னும் போகவில்லை.)

சரி, டிவி என்ன ஆகும்? மனு போட்ட முப்பது நாளுக்குள், ஈடு உள்ள ஒவ்வொரு பொருளையும் என்ன செய்யப்போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் மருமகனின் கணக்கு இப்படி. டிவி வாங்கியது 1,400 டாலருக்கு. பாக்கி 900. பதினாறு மாதம் ஓடிய அந்த டிவியின் இன்றைய மதிப்பு அதிகம் போனால் 300. முதல் வழி, திருப்பிக் கொடுப்பது. கொடுத்துவிட்டால் பாக்கி 900-மும் போய்விடும். மீட்டுக்கொள்வது இரண்டாவது வழி, எனக்கு மிகவும் பிடித்தது. நம்மூரில் மோதிரத்தை அடகு வைத்தவன் மீட்க வேண்டுமென்றால் வாங்கிய அசலும் வட்டியும் கட்ட வேண்டும், மோதிரம் தேய்ந்துபோனது சேட்டுக்குக் கவலையில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தில், சொந்த உபயோகப் பொருளை அதன் இன்றைய மதிப்பைக் கொடுத்து மீட்கலாம். 300 டாலரைக் கட்டினால் டிவி சுத்தமாக அவனுடையது, மீதி 600 தள்ளுபடியில் சேர்ந்துவிடும். ஒரே ஒரு கஷ்டம், அதை மொத்தமாகக் கட்ட வேண்டும். திவால் மனு போடுகிறவன் கையில் ஏது மொத்தப் பணம்? மதிப்பு என்பது காயலான்கடை விலையும் இல்லை, புது விலையும் இல்லை. அந்த வயசும் அந்த நிலையும் உள்ள பொருளை ஒரு கடையில் என்ன விலைக்கு விற்பார்களோ, அது.

மூன்றாவது வழிதான் கடைகள் விரும்புவது. ‘இந்தக் கடனை நான் மறுபடியும் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று புது ஒப்பந்தம் போடுவது. டிவி வீட்டில் இருக்கும், 900 டாலர் தலையில் இருக்கும். பிறகு தவணை தவறினால் திவால் காப்பாற்றாது. அதனால்தான் சட்டம் இதற்கு வேலி போட்டிருக்கிறது. தள்ளுபடிக்கு முன்னாலேயே ஒப்பந்தம் ஆக வேண்டும், கோர்ட்டில் தாக்கல் ஆக வேண்டும், தாக்கலாகி அறுபது நாள்வரை மனசு மாறி விலகிக்கொள்ளலாம்.

இந்த வேலியைத் தாண்டிக் குதித்த கதை ஒன்று உண்டு. சியர்ஸ் என்ற மாபெரும் கடை நிறுவனம், திவாலாகிப்போன வாடிக்கையாளர்களிடம் இப்படி மறு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, பலவற்றைக் கோர்ட்டில் தாக்கலே செய்யாமல் பணம் வசூலித்துவந்தது. 1997-ல் அது வெளியே வந்தது. 1999-ல் 60 மில்லியன் டாலர் குற்ற அபராதம் கட்டினார்கள். சட்டப்படி செத்துப்போன கடன்களை வசூலித்ததற்கு அந்த விலை. 2018 அக்டோபரில் சியர்ஸே திவால் பாதுகாப்புக் கேட்டு மனு போட்டது. இதைச் சொன்னபோது மருமகன் ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

ஒரே கார்டில் டிவி, அப்புறம் செருப்பு, அப்புறம் மிக்சி என்று வாங்கிக்கொண்டே போனால் கணக்கு சிக்கலாகிறது. மாதாமாதம் கட்டிய பணம் எந்தப் பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது? முதலில் வாங்கியது முதலில் தீரும் என்று வைத்தால் டிவி எப்போதோ விடுபட்டிருக்கும், பாக்கியெல்லாம் மிக்சியின் மேல். பழைய பாக்கியும் புதுப் பாக்கியும் ஒன்றாகக் கலந்ததும் ஈட்டின் தன்மையே கெட்டுவிடுகிறது என்று சில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, பிரித்துப் பார்க்க முடிகிறவரை ஈடு உயிரோடிருக்கிறது என்று வேறு சில. எப்படியானாலும் எது எப்போது வாங்கியது, எவ்வளவு பாக்கி என்று கடைக்காரன்தான் ரசீதோடு காட்ட வேண்டும். இதற்கு மெனக்கெட்டு ஆள் வைத்து, லாரி அனுப்பி, இரண்டு வருஷப் பழைய மிக்சியைத் தூக்கிப்போவது கட்டுப்படியாகாது என்பதால் பல கடைகள் வருவதே இல்லை. நகை, விலை உயர்ந்த மரச்சாமான், புது மின்சாதனம் என்றால் வருவார்கள்.

சாப்டர் 13-ல் வேறொரு சுருக்கு. பொருளின் இன்றைய மதிப்பு அளவுக்கு மட்டும் ஈட்டுக் கடனைக் குறைத்துக்கொள்ள அதில் இடம் உண்டு. ஆனால் மனு போடுவதற்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் வாங்கிய பொருளுக்கு அப்படிக் குறைக்க முடியாது, கார் என்றால் 910 நாள்.

எப்போது வாங்கினாய் என்பதும் கேள்வி. திவால் மனுவுக்கு முந்தைய 90 நாளுக்குள், கடன் கொடுக்கும் ஒரே ஆளிடம் மொத்தம் 900 டாலருக்கு மேல் ஆடம்பரப் பொருள் வாங்கியிருந்தால், கட்டும் எண்ணமே இல்லாமல் வாங்கியதாகச் சட்டம் ஊகித்துக்கொள்ளும். அந்தக் கடன் தள்ளுபடி ஆகாது. கார்டைத் தேய்த்து ரொக்கம் எடுத்திருந்தால் 70 நாள், 1,250 டாலர். இந்தத் தொகைகள் 2025 ஏப்ரல் முதல் உள்ளவை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்ப மாற்றுவார்கள். குடும்பம் நடத்தத் தேவையான பொருள் ஆடம்பரத்தில் சேராது. பிள்ளைக்கு வாங்கிய குளிர் கோட்டு ஆடம்பரம் ஆகாது.

மருமகன் இங்கேதான் வழுக்கினான். வேலை போன ஐந்தாம் மாதம், கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஒரு வைர மோதிரம், நகைக்கடை கார்டில், 1,100 டாலர். “வேலை கிடைச்சிடும்னு நம்பிக்கையில வாங்கினேன் மாமா.” நம்பித்தான் வாங்கியிருப்பான், பொய் சொல்கிறவன் இல்லை. அந்த நம்பிக்கையை நிரூபிக்கும் வேலை அவனுடையது. ஊகத்தை உடைக்க முடியும், சட்டம் இடம் கொடுக்கிறது. கடைக்காரனும் சும்மா இருந்தால் ஆகாது. கடன் கொடுத்தவர்களின் முதல் கூட்டத்துக்குக் குறித்த தேதியிலிருந்து அறுபது நாளுக்குள் தனியாக வழக்குப் போட வேண்டும், போடாவிட்டால் அந்தக் கடனும் மற்றவற்றோடு போய்விடும். ஆதாரமில்லாமல் வழக்குப் போட்டுத் தோற்றால் கடனாளியின் வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டிவரலாம். ஆக 91-ஆம் நாள் மனு போட்டால் தப்பிக்கலாமே என்று கேட்டான். ஊகத்திலிருந்து தப்பலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கினான் என்று கடைக்காரன் தானே நிரூபித்தால் நாள் கணக்கு காப்பாற்றாது.

இனி மலைக்கு வருவோம்.

‘மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்’, ‘ஐ.பி. போட்டுட்டான்’ என்று நாம் சொல்வதெல்லாம் இன்சால்வென்சி, அதாவது நொடிப்பு, மனுவைத்தான். அமெரிக்காவில் இருப்பது போல இங்கே இல்லையா என்று மருமகன் கேட்டான். இருக்கிறது, இரண்டு இருக்கிறது. ஒன்று கிழம், இன்னொன்று இன்னும் கண் விழிக்கவில்லை.

2016-ல் வந்த திவால் சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்காக எழுதப்பட்டது. அதில் ஏழைக்கு ஒரு ‘புதுத் தொடக்கம்’ உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, சொத்து மதிப்பு 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இருக்கக்கூடாது. இந்த அளவுக்குள் வருகிற ஆள் எங்கே கிடைப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் தினக்கூலித் தொழிலாளியின் வருமானமே இந்த வரம்பைத் தாண்டிவிடும். அதைவிட, இந்தப் பாகத்தை 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாஷிங் மெஷின் வாங்கிய அக்காவுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

திறந்தாலும் என்ன ஆகும்? அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தால் நியூஜெர்சிக் கதையின் நிழல் தெரியும். தள்ளுபடிக்குத் தகுதியான கடன் எது என்று சொல்லும்போது, ஈடு உள்ள கடனை அந்த ஈட்டின் அளவுக்கு விலக்கிவிடுகிறது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கிய கடனையும் விலக்கிவிடுகிறது. அங்கே 90 நாள், இங்கே மூன்று மாதம். அங்கே ஆடம்பரமா அவசியமா என்று பார்க்கிறார்கள், இங்கே அரிசி வாங்கிய கடனானாலும் வெளியேதான். திவாலானவரிடமிருந்து எடுக்கக்கூடாத சொத்து என்று வீட்டுச் சாமான், தொழில் கருவி, இன்சூரன்ஸ் பாலிசி எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை வைக்கிறது: வில்லங்கம் இல்லாததாக இருக்க வேண்டும். தவணை முடியாத மெஷின் அந்தப் பாதுகாப்பில் வராது.

ஆக நீலகிரிக்காரருக்கு இன்றைக்கு மிச்சம் 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான். ஊட்டியில் கோர்ட்டில் மனு. கடன் 500 ரூபாய் இருந்தாலே போடலாம் என்று அது சொல்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய 500. என் வக்கீலிடம் ஐ.பி. போட வந்தவர்களில் பெரும்பாலோர் சீட்டு நடத்தி நொடித்தவர்கள், இல்லையென்றால் உருளைக்கிழங்கில் போட்ட முதலைத் தொலைத்தவர்கள். மெஷின் வாங்கியவர் ஒருவரும் வந்ததில்லை.

இந்தச் சட்டத்தின் வேலை இப்படி நடக்கும். நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்ததும் அவருடைய சொத்து கோர்ட்டின் கையிலோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கையிலோ போய்விடும். தனித்தனியாக யாரும் கோர்ட் அனுமதி இல்லாமல் அவர் மேல் பாய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஜப்தி செய்யக்கூடாது என்று சொன்னவற்றை ரிசீவரும் தொட முடியாது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, தொழிலாளியின் கருவி, விவசாயியின் ஏர், மாடு, விதை, குடியிருக்கும் வீடு. அமீனா ஜப்திக்கு வந்தபோது தையல்காரரின் மெஷினை இந்தப் பிரிவைக் காட்டிக் காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன். துணி தைக்கும் மெஷின் தொழில் கருவி. துணி துவைக்கும் மெஷினுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்!

ஈடு பிடித்தவரின் உரிமையை மட்டும் பழைய சட்டமும் தொடுவதில்லை. நொடிப்பு அறிவித்தாலும் அவர் தன் ஈட்டைத் தனியாகப் பிடித்து விற்றுக்கொள்ளலாம். அமெரிக்கக் கடைக்காரனுக்குக் கிடைக்கும் அதே நிலைதான். பொருளின் இன்றைய மதிப்பைக் கட்டி மீட்டுக்கொள்ளும் அந்த நல்ல வழி மட்டும் இங்கே எழுதப்படவில்லை.

அங்கே ‘ஆடம்பரம்’ என்ற சொல் இருப்பது போல இங்கேயும் ஒன்று உண்டு. நொடிப்பிலிருந்து விடுதலை கேட்கும்போது, கட்ட முடியும் என்று நியாயமான எதிர்பார்ப்பே இல்லாமல் கடன் வாங்கினாரா, தகாத பகட்டு வாழ்க்கையால் நொடித்தாரா, சூதாடினாரா என்று கோர்ட் பார்க்கும். ஆமென்றால் முழு விடுதலை கிடையாது. சொத்தை விற்றது ஈடில்லாக் கடன்களுக்கு ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாவிட்டாலும், அது தன் தப்பில்லை என்று காட்டினால் ஒழிய, கிடையாது. மோசடியாக வாங்கிய கடன் விடுதலைக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் மச்சானுக்கு மட்டும் ஓரவஞ்சனையாகக் கடனை அடைத்திருந்தால் அதையும் திருப்பிப் பிடிப்பார்கள். விடுதலை பெறாத நொடிப்பாளி தன் நிலையைச் சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால் ஆறு மாதம்வரை ஜெயில். 50 ரூபாய் என்பது இன்றைக்குக் குன்னூர் பெட்போர்டில் இரண்டு பேர் டீ குடித்து வர்க்கி சாப்பிட்டால் ஆகிற காசு.

இப்போது அக்காவின் பி.டி.எப். நம் ஊரில் கடை கார்டு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டு வகை. கடையின் பெயர் அச்சடித்த பேங்க் கிரெடிட் கார்டு ஒன்று, அது ஈடில்லாக் கடன். இன்னொன்று அக்கா வாங்கியது போல நிதி நிறுவனத்தின் ஈ.எம்.ஐ. கார்டு. அதில் ஒவ்வொரு பொருளும் தனித்தனிக் கடன், ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். பல ஒப்பந்தங்களில் வாங்கிய பொருளே ஹைபோதிகேஷன், அதாவது நம் கையில் இருந்தபடியே அவர்களுக்கு ஈடு. அக்காவுடையதில் பதினோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. தகராறு வந்தால் சென்னையில் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு, என்பது பதினாறாம் பக்கத்தில். வட்டியில்லாத் தவணை என்று கடையில் பேனர் கட்டியிருந்தார்கள். வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லி 2013-லேயே ரிசர்வ் வங்கி பேங்குகளின் பூஜ்ய சதவீதத் திட்டங்களைக் கண்டித்திருக்கிறது. அக்காவின் ஒப்பந்தத்தில் அது பிராசசிங் கட்டணமாக உட்கார்ந்திருந்தது.

“அப்ப மெஷினை எடுத்துட்டுப் போயிடுவானாடா?” என்றாள் அக்கா.

உரிமை இருக்கிறது, வீட்டுக்குள் புகுந்து தூக்க உரிமை இல்லை. வசூலுக்கு அடியாட்களை அனுப்பக்கூடாது என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் சொல்லிவிட்டது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வங்கிகளுக்கு வழிவிடும் சர்பாசி சட்டம் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடனுக்குப் பொருந்தாது. ஆக நாம் சம்மதித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் ஆர்பிட்ரேஷனோ கோர்ட்டோ போய் உத்தரவு வாங்கி வர வேண்டும். 24,000 ரூபாய் மெஷினுக்கு அது எந்தக் கணக்கில் கட்டுப்படியாகும்?

போன் செய்தவன் ஜெயில் என்றும் மிரட்டினானாம். கடன் கட்ட வழியில்லாத ஏழையை அந்த ஒரே காரணத்துக்காகச் சிவில் சிறையில் போட முடியாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் நிற்கிறது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் இருப்பவர்தான் பயப்பட வேண்டும். ஒன்றை மட்டும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினால், செக் திரும்புவதைப் போலவே, 2007-ஆம் வருஷத்துப் பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்குப் போட இடம் உண்டு. முறையாக நோட்டீஸ் அனுப்பி, பணம் கட்ட அவகாசம் கொடுத்த பிறகுதான் அது நடக்கும். அதனால் தபாலில் வரும் நோட்டீஸை மட்டும் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டுவிடக் கூடாது.

ஐ.பி. போடுவதற்கெல்லாம் அக்காவின் கடன் பெரிதில்லை. தவறிய தவணை இரண்டு, அபராதம் இரண்டு. பாக்டரியின் இலைக் கணக்குப் புத்தகத்தை நகல் எடுத்து, பணம் ஏறும் தேதிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, தவணைத் தேதியை ஐந்திலிருந்து பதினைந்துக்கு மாற்றக் கேட்டு நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் தேதியை மாற்றினார்கள், ஓர் அபராதத்தைத் தள்ளினார்கள், இன்னொன்றை வாங்கிக்கொண்டார்கள். ஈ.எம்.ஐ. கார்டை அக்கா அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். எடுத்துக் கத்தரித்துப் போடு என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருமகன் மனு போட்டான். மோதிரத்துக்கு மட்டும் மாதத் தவணையில் கட்டுவதாகக் கடையோடு ஒப்பந்தம், கோர்ட்டில் தாக்கலாகியது. சோபா வாங்கிய கார்டின் ஒப்பந்தத்தில் ஈட்டு வரியே இல்லை, அது சாதாரணக் கடனாகப் போய்விட்டது. டிவியைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தான், சுவரிலிருந்து கழற்றி, பழைய அட்டைப்பெட்டியில் போட்டு, கேரேஜில் வைத்தான். ஐந்து மாதம் ஆகிறது. எடுத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை. போன் செய்தால் வேறு பிரிவைக் கேளுங்கள் என்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்க அதை மறுபடி மாட்டலாமா மாமா என்று கேட்கிறான்.